எண்பதிலிருந்து இருபதுக்கு

எண்பதிலிருந்து இருபதுக்கு, மறுபடி எண்பதிலிருந்து இருபதுக்கு, இப்படிப் பத்துத் தடவை, அதில் ஒரு தடவைகூட வண்டி முழுசாக நின்றுவிடக் கூடாது, என்று பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே கோகிலவாணி கேட்டைத் திறந்தாள். தனியாகப் போவதாகத்தான் ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குச் சூலூரில் யார் எழுந்திருக்கப் போகிறார்கள், பால்காரரும் நாய்களும் தவிர? போய்ப் புது பிரேக்கைப் பழக்கிவிட்டு எட்டு மணிக்குள் திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி இட்லிச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிடலாம். ஆனால் வண்டியைப் பின்னால் எடுத்து ரோட்டில் இறக்கினால், திருமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கையில் காப்பி டம்ளரோடு வாசலில் நிற்கிறார். இருபத்திரண்டு வருஷமாக அவளுக்குப் புருஷன், கட்டட வேலை மேஸ்திரி, பேச்சென்று வந்தால் எதிராளியைத் தண்ணி குடிக்க வைக்கிற ஆள். கடைசி மடக்கைக் குடித்து டம்ளரைக் காம்பவுண்டுச் சுவர் மேல் கவிழ்த்து வைத்தார், சுற்றி வந்தார், இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். "நானும் வர்றேன் அம்மிணி," என்றார், கதவைச் சாத்தின பிற்பாடு. ஏனுங்க, எதுக்குங்க என்று அவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. கேட்டால் இறங்கிவிடுவாரோ என்று விழுங்கிக்கொண்டாள். இந்த வண்டி ஓடும்போது அவர் இதில் உட்கார்ந்து இரண்டு வருஷமும் நாலு மாசமும் ஆகிறது. அதற்கு முன்னால் எந்த வண்டியில் ஏறினாலும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சீட்டு மேலேயே சம்மணம் போட்டுவிடுகிற மனுஷன். பந்தியில் உக்காந்த மாதிரி இருக்குதுங்க, இலை ஒண்ணுதான் குறைச்சல், என்று அவள் கேலி பண்ணுவாள். கோத்தகிரி மலையில் நடந்ததற்கு அப்புறம் ஆட்டோவானாலும் டவுன் பஸ்ஸானாலும் இரண்டு காலும் தரையில்தான், செருப்போடு, ஊன்றி, வலது கால் மட்டும் ஒரு விரக்கடை முன்னால். இப்போதும் அப்படித்தான் வைத்திருக்கிறார். பார்க்காத மாதிரி அவள் கியரைப் போட்டாள்.

பல்லடம் வரைக்கும் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் ஓட்ட வேண்டும். புது டிஸ்க்கும் அதைக் கவ்வுகிற புது பேடும் புதுசாகக் கல்யாணமானவர்கள், அதுகளுக்குள் பழக்கம் ஏற்படுகிற வரைக்கும் நாம் நடுவில் புகுந்து அவசரப்படுத்தக் கூடாது என்று பிராக்கெட் கடைந்து கொடுத்த கணபதியில் லேத்து வைத்திருக்கிற பீட்டர் சொன்னார். அந்த ஆளுக்கு எதைச் சொன்னாலும் கல்யாணத்தில்தான் கொண்டுவந்து முடிக்க வேண்டும். அவளுக்கு என்னவோ புதுத் தோசைக்கல்தான் ஞாபகம் வந்தது. வாங்கி வந்த அன்றைக்கே மாவை ஊற்றினால் ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கும். எண்ணெய் தடவிச் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி சூடேற்றிப் பழக்கினால்தான் கல் நம்முடையது. இதுவும் அதே சங்கதி. எண்பதில் போய் அழுத்தி இருபதுக்கு இறக்கி, உடனே விட்டுவிட்டு மறுபடி எண்பது. சூடு படிப்படியாக ஏறும், பேடிலிருந்து ஒரு மெல்லிசான பூச்சு டிஸ்க்கின் மேல் சுற்றிலும் ஒரே சீராகப் படியும். நடுவில் சூட்டோடு சூடாக வண்டியை நிறுத்திக் காலையும் எடுக்காமல் வைத்திருந்தால் போச்சு, அந்த இடத்தில் மட்டும் தடமாக ஒட்டிவிடும், அப்புறம் ஆயுசுக்கும் பிரேக் போடும்போதெல்லாம் ஸ்டியரிங் உதறும். தப்பு நடந்த இடம் ஒன்று, உதறுவது கை. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று அம்மா சொல்லுவாள். ஏன் இப்போது அது ஞாபகம் வர வேண்டும்? அட கெரகமே, ரோட்டைப் பார்த்து ஓட்டு, என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். பக்கத்தில் அவர் ஜன்னலை இறக்கிவிட்டு, பனி ஏறின காற்றில் முகத்தைக் கொடுத்துக்கொண்டு, கோழிப்பண்ணைகளை எண்ணுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். இடது கை மடியில் கிடந்தது. அந்தக் கை தோளுக்கு மேல் தூக்க வராது.

வண்டிக்கு வயசு இருபத்து மூன்று. வந்த புதுசில் காலேஜ் பையன்கள் இதைப் பார்த்தால் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்பார்களாம்; அவள் வாங்கும்போதே மூன்றாவது கை. பம்பு கம்பெனியில் சரக்கைப் பரிசோதனை பண்ணி அனுப்புகிற வேலை அவளுக்கு, பகலெல்லாம் மயிரிழை கணக்கில் அளந்துகொண்டிருக்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு இன்ஜின் நான்காயிரம் சுற்றுக்கு மேல் குரல் மாறி எழும்புகிற சத்தம் வேண்டியிருந்தது. சிலருக்குக் கோயில், சிலருக்கு சீரியல், எனக்கு இது, என்பாள். அந்த இன்ஜினை அவள் சும்மா விட்டாளா? உள்ளே காற்று நன்றாகப் போக ஒரு வேலை, புகை நன்றாக வெளியேற ஒரு வேலை, கேம் ஷாஃப்ட் மாற்றி, அதை மாற்றி இதை மாற்றி, மூன்று வருஷம். பிரேக் மட்டும் கம்பெனியிலிருந்து வந்தது வந்தபடி. முன்னால் ஒரு சாண் அகலத்துக்கு டிஸ்க், பின்னால் டிரம், பத்து வருஷத்து ரப்பர் ஹோஸ். ஓடுறதுக்கு இத்தனை பண்ணினீங்களே, நிக்கிறதுக்கு என்ன பண்ணினீங்க, என்று பீட்டர் அப்போதே கேட்டார். அதுக்கென்னங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாம் என்றாள். அடுத்த வருஷம்தான் கோத்தகிரி வந்தது. அந்த பிரேக்குகளைக் குறை சொல்ல அவளுக்கு வாயில்லை. எந்த வேகத்துக்கு வார்த்து அனுப்பினார்களோ அந்த வேகத்துக்கு அதுகள் கடைசி வரைக்கும் ஒழுங்காக வேலை செய்தன. கழற்றிப் போட்ட பழைய டிஸ்க் இரண்டையும் இன்னும் பழைய இரும்புக்குப் போடாமல் ஷெட்டு மூலையில் சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறாள். சூட்டில் நீலம் பாய்ந்து கிடக்கின்றன. சாக்கை விலக்கிப் பார்க்கிற துணிச்சல் வரவில்லை.

உடுமலை ரோட்டில் திரும்பினதும் நாலு வழி விரிந்துகொடுத்தது. இரண்டு பக்கமும் சோளக்காடு, அதற்கப்பால் காற்றாலைகள், ஒன்று சுற்றுகிறது, ஒன்று சுற்றாமல் யோசனை பண்ணிக்கொண்டு நிற்கிறது. கண்ணாடியில் பின்னால் யாருமில்லை, முன்னால் யாருமில்லை, ஒரு காக்கை மட்டும் ரோட்டு நடுவில் எதையோ கொத்திக்கொண்டிருந்து எழுந்து போயிற்று. "ஆரம்பிக்கிறேனுங்க," என்றாள். "ம்," என்றார். அறுபது, எழுபது, எண்பது. கால் ஆக்சிலேட்டரிலிருந்து இடம் மாறின அந்த ஒரு கணத்துக்கு முன்னாலேயே அவருடைய வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை அழுத்திவிட்டது. செருப்பு கால்மிதியில் தேய்கிற சத்தம் அவளுக்குக் கேட்டது. அழுத்தினாள். பெடல் கல் மாதிரி இருந்தது, காலுக்கடியில் நம்பகமான ஒரு கல், அழுத்த அழுத்த அந்த அளவுக்கே வேலை செய்தது. வண்டி மூக்கைத் தாழ்த்தி இறங்கிற்று. இருபது. விட்டாள். மறுபடி எண்பது. மறுபடி அந்தச் செருப்புச் சத்தம், மறுபடி கல். மூன்றாவதில் அவளுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, ஒரு பெடல் கெட்டியாக இருக்கிறதற்கெல்லாம் ஒரு பொம்பளை அழுவாளா என்று சிரிப்பும் வந்தது. அன்றைக்குக் கோத்தகிரி இறக்கத்தில் அந்தப் பெடல் எப்படி இருந்தது? முதல் வளைவில் சரியாகத்தான் இருந்தது. ஒரு வெள்ளைக் காரில் ஒருத்தன் ஆரன் அடித்துக்கொண்டு ஒட்டி உரசிக்கொண்டு முந்திப் போனான், ஜன்னலில் ஒரு கை வெளியே வந்து போய்வருகிறேன் என்று ஆட்டிற்று. அந்தக் கைதான். அந்தக் கை இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. அப்படி நினைக்கத்தான் ஆசை, ஆனால் கையை ஆட்டினவன் ஆட்டிவிட்டுப் போனான், துரத்தினது யார்? ஒவ்வொரு வளைவுக்கும் கடைசி நொடி வரைக்கும் காத்திருந்து அழுத்தினது யார்? நாலாவது வளைவில் தீய்ந்த வாசனை வந்தது. ஐந்தாவதில் பெடல் கொஞ்சம் கீழே போய்த்தான் பிடித்தது. தெரிந்தது. அளவு பார்த்தே சோறு தின்கிறவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? தெரிந்தது, தெரிந்தது, தெரிந்தது. அப்போது வளைவோரத்தில் ஒரு தகரக் கூரை டீக்கடை வந்தது, பாய்லர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது, அவர் சொன்னார், "அம்மிணி, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாமா?" கீழ போய்க் குடிச்சிக்கலாமுங்க, என்றாள். வெள்ளைக் கார் இரண்டு வளைவுக்குக் கீழே தெரிந்துகொண்டிருந்தது.

கீழ போய்க் குடிச்சிக்கலாமுங்க. இரண்டு வருஷம் நாலு மாசமாக இந்த ஒரு வாக்கியத்தை அவள் எத்தனை தடவை மென்றிருப்பாள், துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல். ஒரு டீ. கால் மணி நேரம் நின்றிருந்தால் டிஸ்க் ஆறியிருக்கும். ஆறின பிற்பாடு இரண்டாவது கியரில் மெதுவாக இறங்கியிருந்தால் மேட்டுப்பாளையத்தில் பாக்குத் தோப்புப் பக்கம் இன்னொரு டீயும் குடித்திருக்கலாம். டீக்கடை தாண்டி மூன்றாவது வளைவில் பெடல் தரைக்கே போயிற்று. பள்ளத்துக்கு மேடு தேவலை என்று வண்டியை இடப்பக்கம் ஒடித்தாள். மண்மேட்டில் இடித்தது. இடப்பக்கம் அவர் இருந்தார். இதை மட்டும் அவள் முழுசாக நினைக்க மாட்டாள், இந்த இடம் வந்தால் மனசு மாடு மாதிரி நின்றுகொள்ளும். தோள்பட்டை எலும்பு இரண்டாக, மணிக்கட்டு தனியாக. அவளுக்கு ஒரு கீறல், அதுவும் கண்ணாடி வளையல் உடைந்து. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா எப்படி ஆச்சு என்று கேட்டபோது, பிரேக் ஃபெயிலியருங்க, என்று வாய் தானாகச் சொன்னது. ஒரு தடவை சொன்னது போதுமே. அப்புறம் போலீஸுக்கு, மாமியாருக்கு, பார்க்க வந்த சொந்தபந்தம் உறம்பரைக்கு, கம்பெனியில் உள்ளவர்களுக்கு, பிரேக் போயிருச்சு, பிரேக் போயிருச்சு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள், எல்லோரும் நல்ல சோறு என்று சாப்பிட்டார்கள். இதில் பெரிய கூத்து, அவர் படுக்கையில் கிடந்துகொண்டு அவளைவிட நன்றாகச் சொன்னார்: "நல்லாத்தான் ஓட்டினா, பிரேக்கு கையை விரிச்சிருச்சு. இவளா இருக்கங்காட்டி மேட்டுல வுட்டா, நானா இருந்தா பள்ளத்துலதான்." கேட்டவர்கள் அவளைப் புகழ்ந்தார்கள். அவளுக்கு அங்கேயே பூமி பிளந்தால் போய்விடலாம் போலிருந்தது. கம்பெனியில் தப்பான சரக்குக்குச் சிவப்புச் சீட்டு கட்டி, காரணம் என்கிற கட்டத்தில் ஒரு வரி எழுத வேண்டும். ஓடவிட்ட ஆள் 'மெஷின் கோளாறு' என்று எழுதிக் கொடுத்தால் அவள் வாங்க மாட்டாள், மெஷினுக்கு வாயிருந்தா உங்களைப் பத்தி என்ன சொல்லும், போய் ஒழுங்காக எழுதிட்டு வாங்க, என்று திருப்பி அனுப்புவாள். பதினெட்டு வருஷமாக அப்படி அனுப்பினவள்.

"நாலு," என்றார் அவர். அவள் திடுக்கிட்டாள். எண்ணுகிறாரா? மடியில் கிடந்த இடது கையில் கட்டை விரலால் மற்ற விரல் ரேகைகளைத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார், பாரம் ஏற்றுகிற லாரிக்குச் செங்கல் எண்ணுகிற மாதிரி. ஒரு புகையிலை லாரி எதிரே போயிற்று. அது போன பிற்பாடு, கண்ணாடி பார்த்து, எண்பது, அழுத்து, இருபது, விடு. அழுத்து, பிடி, விடு. போன மாசம் முழுக்க இந்த மூன்று வார்த்தைதான் அவர்களுக்குள் பேச்சு. பெரிய டிஸ்க், பெரிய வண்டியிலிருந்து எடுத்த, பேடைப் பிடித்திருக்கிற காலிப்பர், கம்பி பின்னின ஹோஸ் எல்லாம் மாட்டி முடித்து, பழைய டிக்காஷன் மாதிரி கறுத்துப் போன ஆயிலை வெளியேற்றிப் புது ஆயில் விட்டு, குழாய்க்குள் இருக்கிற காற்றை எடுக்க வேண்டியிருந்தது. அது ஒற்றை ஆளால் ஆகிற வேலை இல்லை. ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொருத்தர் சக்கரத்தடியில் படுத்து காலிப்பரில் காற்று வெளியேறுகிற நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று அவள் ஸ்பானரும் கையுமாக நின்றபோது அவராகவே வந்து, ஜாக்கி ஸ்டாண்டில் நிற்கிற வண்டிதானே, எங்கே ஓடிடப் போவுது, என்று சொல்லி டிரைவர் சீட்டில் ஏறினார். பக்கத்தில் காப்பி ஃபிளாஸ்க். அழுத்துங்க. அழுத்தியாச்சு. பிடிங்க. பிடிச்சிருக்கேன். விடுங்க. மூன்று ஞாயிற்றுக்கிழமை இப்படி. இரண்டு பாட்டில் ஆயில் தீர்ந்தும் பெடல் பஞ்சு. அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது, பேசாமல் பழசையே மாட்டி வண்டியை விற்றுவிடலாம், தெய்வத்துக்கே பிடிக்கவில்லை, என்றுகூட நினைத்தாள். நாலாவது ஞாயிறு அவர் இறங்கி வந்து, வேட்டி அழுக்காவதைப் பார்க்காமல் குந்தி உட்கார்ந்து, சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தார். "அம்மிணி, மட்டம் பாக்குற தண்ணி டியூப்புல குமிழி இருந்தா என்ன பண்ணுவோம் தெரியுமா? டியூப்பை மேல தூக்குவோம். காத்து மேலதானே நிக்கும்? உன்ற ஓட்டை கீழயில்ல இருக்குது." அவள் பார்த்தாள். இரண்டு காலிப்பரிலும் நிப்பிள் அடியில் இருந்தது. மேலே அல்லவா இருக்க வேண்டும்! இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டி வைத்திருக்கிறாள். மயிரிழை பிசகினால் சரக்கைத் திருப்பி அனுப்புகிற மகராசி. "உன்ற கம்பெனில உன்னை வெச்சு எப்படி பம்பு தண்ணி எறைக்குது?" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார், அவளும் தரையில் படுத்தபடியே சிரித்தாள், ஆயில் கன்னத்தில் வழிந்தது. கட்டடத்து மூலைக்கு மூலை அந்த டியூப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து மட்டம் பார்த்த கை அது. இப்போது டியூப்பை வேற ஆள் பிடிக்கிறான், இவர் கீழே நின்று சொல்லுகிறார். அவள் சிரிப்பைப் பாதியில் விட்டுக் கன்னத்து ஆயிலைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அப்போதே வாய் வரைக்கும் வந்தது.

அப்போதுதான் வாசனை வந்தது. ஐந்தா ஆறா தெரியவில்லை, எண்ணிக்கை கைதவறிவிட்டது, இருபதில் விட்டுக் கியரை மாற்றும்போது ஜன்னல் வழியாக அதே தீய்ந்த வாசனை, கோத்தகிரி வாசனை. அவளுக்குத் தெரியும். புது பேட் சூடேறினால் உள்ளே இருக்கிற பசை வேகும், வாசனை வரத்தான் செய்யும், வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். அறிவுக்குத் தெரிகிறது, மூக்குக்கு யார் சொல்லுவது? பாய்லர் ஆவி, தகரக் கூரை, இடப்பக்கம் மண்மேடு எழும்பி வருகிறது, இங்கே மேடும் இல்லை, மலையும் இல்லை, சோளக்காடுதான், ஆனாலும் வருகிறது. நிறுத்திவிடலாமா? நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் தடம் விழும். அவருக்கும் வாசனை எட்டியிருக்கும், எட்டாமல் இருக்குமா, இன்னும் ஒரு நொடியில் கதவைப் பிடித்துக்கொள்ளுவார், இறக்கிவிடு என்று கேட்பார், கேட்டால் நியாயம்தான். கடைக்கண்ணால் பார்த்தாள். அவர் மூக்கை உறிஞ்சினார். ஒருதரம், இரண்டுதரம். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "ஆறு," என்றார். "வாசம் வந்தா நல்லதுன்னு அந்தப் பீட்டரு சொன்னானில்ல? ஓட்டு." அவரிடம் பீட்டர் எப்போது சொன்னார்? இவர் எதற்கு அவரிடம் போய்க் கேட்டார்? அப்படியானால் இன்றைக்குத் திடீரென்று வந்து ஏறவில்லை, விசாரித்துக்கொண்டு, மனசைத் திடப்படுத்திக்கொண்டு வந்து ஏறியிருக்கிறார். வாசனை வரும் என்று தெரிந்தே. அவளுக்குள் என்னவோ இளகிற்று, பயம் அப்படியே இருக்க அதற்குப் பக்கத்தில் வேறொன்றும் வந்து உட்கார்ந்த மாதிரி. ஏழாவதை அழுத்தினாள். அத்தனை சூட்டிலும் பெடல் அதே இடத்தில் நின்றது. ஒரு நூல் கீழே இறங்கவில்லை.

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று தோன்றிவிட்டது. பிரேக் முழுசாகப் பழகிவிட்டால் கதை முடிந்துவிடும், அந்த வண்டிக்கு பிரேக் போச்சு, இவள் புது பிரேக் போட்டாள், சுபம். அந்தப் பொய் மேல் புது பெயின்ட் அடித்த மாதிரி ஆகிவிடும். எண்பதை எட்டுவதற்கு முன்னால், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏனுங்க," என்றாள். "அன்னிக்கு பிரேக் போகலீங்க. நான்தான் போக்கடிச்சேன். அந்த வெள்ளைக் காரைப் புடிக்கோணும்னு ஓட்டினேன். வாசம் வந்துச்சு, பெடல் இறங்குச்சு, எல்லாம் தெரிஞ்சுது. நீங்க டீ கேட்டீங்க, நிறுத்தியிருந்தா உங்க கை நல்லாயிருந்திருக்கும். நான் நிறுத்தல." சொல்லி முடிக்கும்போது எண்பது வந்துவிட்டது, அழுத்தியாக வேண்டும், அழுத்தினாள், கண்ணில் தண்ணி மறைத்தது, இருபது, விட்டாள். நின்றுகொண்டு அழக்கூட இந்த வேலையில் வழியில்லை, ஓடிக்கொண்டேதான் அழ வேண்டும். "எட்டு," என்றார் அவர். எட்டாம்! ஒரு மனுஷி இரண்டு வருஷத்துப் பாரத்தை இறக்கி வைக்கிறாள், இவர் செங்கல் எண்ணுகிறார். அவளுக்குக் கோபம்கூட வந்தது.

"அம்மிணி," என்றார், கொஞ்ச தூரம் போன பிற்பாடு. "நான் என்னிக்கு டீ குடிச்சிருக்கேன்?" அவளுக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் காலையில் காப்பி, சாயங்காலம் காப்பி, சைட்டில் அத்தனை பேரும் டீ குடிக்க இவருக்கு மட்டும் ஃபிளாஸ்க்கில் காப்பி, போட்டுக் கொடுக்கிறவளே அவள்தான். இந்த இரண்டு வருஷமும் அந்த டீயை ராவும் பகலும் நினைத்தவளுக்கு, அதைக் குடிக்காத ஆள் கேட்டார் என்பது ஒருநாளும் உறைக்கவில்லை. "வாசம் எனக்கும் வந்துச்சு," என்றார் அவர். "உன்ற கால் அமுத்தறதுக்கு முன்னாடி என்ற கால் அமுத்திட்டு இருந்துச்சு. மெதுவாப் போன்னு சொன்னா நீ இன்னும் வெசையாப் போவே, கல்யாணம் ஆன நாளாப் பாக்கறேனில்ல? அதனால டீன்னு சுத்தி வளைச்சேன். வாயைத் தொறந்து நிறுத்துன்னு ஒரு வார்த்தை நான் சொல்லல. அதுக்கு எந்தச் சீட்டுல எழுதறது?" அப்ப ஊரெல்லாம் ஏனுங்க அப்படிச் சொன்னீங்க, என்று அவள் கேட்டாளோ, கேட்க நினைத்தாளோ. "வேறென்ன சொல்லச் சொல்றே? என்ற பொண்டாட்டியை நாலு பேரு நாலு வார்த்தை பேசறதுக்கா? நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன். டிஸ்க்கு மாத்தறா, பேடு மாத்தறா, ஆயிலு மாத்தறா, வாயை மட்டும் தொறக்க மாட்டேங்கறாளே ஈசுவரான்னு பாத்துட்டே இருந்தேன்." அவள் சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியாத ஒரு சத்தம் வெளியே வந்தது. "கை நோவுதுங்களா?" என்று கேட்டாள், என்னவோ நேற்றுத்தான் இடித்த மாதிரி. "மழை வந்தா நோவும். இப்ப மழையில்ல. எண்பது ஆச்சு பாரு," என்றார். ஒன்பது.

பத்தாவதற்குக் கண்ணாடி பார்த்தாள். பின்னால் வெகுதூரத்தில் ஒரு பஸ், அவ்வளவுதான். எண்பது. அழுத்தினாள், இருக்கிறதிலேயே அழுத்தமாக. வண்டி மொத்த பாரத்தையும் முன்சக்கரத்தில் கொடுத்துக் குனிந்தது, பெல்ட் நெஞ்சைப் பிடித்தது, ஸ்டியரிங் கையில் உதறாமல் நேராக நின்றது. காதை அந்தச் செருப்புச் சத்தத்துக்காகத் தீட்டி வைத்திருந்தாள். கேட்டது, ஆனால் தேய்கிற சத்தம் இல்லை, சர்ரென்று ஏதோ வழுக்கிக்கொண்டு ஓடிற்று. பார்த்தாள். அவருடைய செருப்பு இரண்டும் கால்மிதியின் மேல் தானாக முன்னால் ஓடி, டேஷ்போர்டுக்கு அடியில் போய் முட்டிக்கொண்டன. அதற்குள் கால் இல்லை. கால் இரண்டும் சீட்டு மேல் இருந்தது, வேட்டிக்குள் மடங்கி, சம்மணம். எப்போது தூக்கி வைத்தார்? எட்டிலா, ஒன்பதிலா? இருபது. விட்டாள். "பத்து," என்று இந்தத் தடவை அவள் சொன்னாள்.

இனி ஆற வேண்டும், பிரேக்கைத் தொடாமல் பத்துக் கிலோமீட்டர். காற்றாலை நிழல்கள் ரோட்டைக் கடந்து போய்க்கொண்டிருந்தன, சோளம் முடிந்து தென்னை வந்தது, வெயில் சுருக்கென்று கண்ணாடியில் ஏறிற்று. வாசனை மெல்ல மெல்லக் குறைந்து, ஈர மண் வாசனைக்கு இடம் விட்டது. மனசில் கோத்தகிரி வந்தது, வராமல் போகுமா, டீக்கடையும் பாய்லரும் மண்மேடும் வரிசையாக வந்தன. வந்து, வந்த வழியே போயின. இனி ஆயுசுக்கும் வந்துபோகும் போல, வரட்டும். அந்தப் பழைய டிஸ்க் இரண்டையும் நாளைக்குச் சாக்கைப் பிரித்து எடுக்க வேண்டும். குடிமங்கலத்துக்குக் கொஞ்சம் முன்னால் புளிய மரத்தடியில் ஒரு கடை, வெளியே ஒரு பெஞ்சு, உள்ளே ஆவி. மீட்டரைப் பார்த்தாள், பத்தரை கிலோமீட்டர் ஆகியிருந்தது. "ஒரு டீ குடிச்சிட்டுப் போலாமுங்களா?" என்று கேட்டாள். "காப்பி இருக்குதான்னு கேளு," என்றார் அவர், முன்னால் குனிந்து, நல்ல கையால் டேஷ்போர்டுக்கு அடியில் துழாவிக்கொண்டே. "இந்தச் செருப்பு எங்க போயித் தொலைஞ்சுது?" அவள் பிரேக்கின் மேல் காலை வைத்து, டம்ளர் தளும்பாமல் வைக்கிற மாதிரி, மெதுவாக வண்டியை முழுசாக நிறுத்தினாள்.